எலும்பு பொருந்திய பிறகு யார் நடக்க வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் தொழில் வழிகாட்டல் பக்கத்தில் மாணவி ஒருவர் கேட்டிருந்த கேள்வியும் அதற்குத் தரப்பட்ட பதிலுமே இக்கடிதத்தை எழுதத் தூண்டின. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தோற்றியும் பேராதனையின் கால்நடை மருத்துவ பீடத்துக்குப் போதிய இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி) கிடைக்கவில்லை என்றும், விலங்குகளோடு வேலை செய்ய வேறு வழி உண்டா என்றும் அவர் கேட்டிருந்தார். பண்ணை முகாமைத்துவம், பால் பதனிடல், கோழி வளர்ப்பு ஆகியவை பதிலில் சுட்டிக்காட்டப்பட்டிருந்தன. பதிலில் பிழை ஏதுமில்லை. ஆயினும் நோயுற்ற, அடிபட்ட விலங்கின் பக்கத்தில் நின்று செய்யும் வேலையைப் பற்றி, அதிலும் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் அவ்விலங்கை மறுபடி எழுப்பி நடக்க வைக்கும் வேலையைப் பற்றி, அதில் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஆளில்லாமல் கிடக்கும் வேலை அதுதான் என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டு வந்தவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன்.

நான் கால்நடை வைத்தியன் அல்லன். கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலும் பின்னர் அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பகுதிகளிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். செயற்கை முறைச் சினைப்படுத்தல், தடுப்பூசி, பட்டி பதிவு, பால் சேகரிப்பு என்று என் சேவைக்காலம் கழிந்தது. வைத்தியர் ஊசி போட்டுவிட்டு அடுத்த பட்டிக்குப் போன பிறகு அந்த மாட்டோடு எஞ்சி நின்றவர்கள் சொந்தக்காரரும் என்னைப் போன்றவர்களுமே. அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்கு எவரும் முறையாகக் கற்பிக்கவில்லை. பட்டே கற்றேன், கற்பதற்குள் சில உயிர்களை வீணாக்கியும் இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கல்லடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் நாய்க்குட்டி, ஐந்து மாதம் இருக்கும், மோட்டார் சைக்கிளில் அடிபட்டுப் பின்னங்காலின் தொடை எலும்பு முறிந்தது. ஓட்டோவிலும் பஸ்ஸிலும் அலைந்து, மாவட்டத்துக்கு வெளியே உள்ள சிகிச்சை நிலையமொன்றில் அந்த அம்மா சத்திரசிகிச்சை செய்வித்தார். உள்ளே கம்பி வைத்துப் பொருத்தினார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நேர்த்தியாகவே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, கால் அசையக் கூடாதென்று பயந்து, நீட்டியபடியே கட்டுப் போட்டு ஒரு மாதம் கூண்டில் வைத்திருந்தார். கட்டை அவிழ்த்தபோது என்னை அழைத்தார். போய்ப் பார்த்தால் கால் ஊன்றுகோல் போல விறைத்து நிற்கிறது. முழங்கால் மூட்டை மடக்கப் பார்த்தேன். மரக்கட்டையை மடக்குவது போலிருந்தது. "எலும்பு பொருந்திட்டெண்டு டொக்டர் சொன்னாரே தம்பி, பிறகேன் கால் மடங்குதில்ல?" என்று அவர் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

பின்னர் வைத்தியர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வளரும் வயதிலுள்ள நாய்களின் தொடை எலும்பு முறியும்போது, தொடையின் முன்பக்கத்தில் உள்ள நாற்றலைத் தசையும் நசுங்குகிறது. அந்தக் காலை அசைக்காமல், அதுவும் நீட்டிய நிலையில், வைத்திருந்தால் தசை நார்போல இறுகி, குணமாகிக்கொண்டிருக்கும் எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. வாரக்கணக்கிலேயே இது நடந்துவிடும். முற்றாக இறுகிவிட்டால் மறுபடி சத்திரசிகிச்சை செய்தாலும் பழைய கால் திரும்புவது அரிது. தடுப்பதற்கான வழியோ மிக எளியது: எலும்பு உறுதியாகப் பொருத்தப்பட்டதும், வலிநிவாரணி கொடுத்து, முதல் நாட்களிலேயே மூட்டை மெதுவாக மடக்கி நீட்டத் தொடங்குவதும், காலை ஊன்றப் பழக்குவதும். ஆசிரியை மூட்டையே அசைக்கக் கூடாதென்று எண்ணி அந்த எளிய வழியை அடைத்துவிட்டார். வேறு விதமாக அவருக்குச் சொல்லிக்கொடுக்க எவரும் இருக்கவில்லை. இழுபட்டு இழுபட்டுப் பாதத்தின் மேற்புறம் புண்ணாகி, எட்டு மாதத்தின் பின் அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆசிரியை வைத்திருந்த பத்திரத்தை நான் பார்த்தேன். மருந்தின் பெயர், அளவு, தையல் வெட்டும் நாள் எல்லாம் தெளிவாக இருந்தன. கடைசி வரியில் "இயன்மருத்துவம் (பிசியோதெரபி) அவசியம்" என்ற கருத்தில் ஒரு குறிப்பு இருந்தது. யாரிடம், எங்கே, எத்தனை நாள், எந்த அளவில் என்று எதுவும் இல்லை. எழுதிய வைத்தியரைக் குறை கூறுவதற்கில்லை. அனுப்பி வைக்க ஒருவர் இருந்திருந்தால் அவர் பெயரையும் எழுதியிருப்பார்.

இந்தத் துறையை ஆங்கிலத்தில் அழைக்கும் சொல்லை நேராகத் தமிழாக்கினால் "விலங்குப் புனர்வாழ்வு" என்று வரும். எங்கள் பக்கத்தில் போருக்குப் பின் அந்தச் சொல்லுக்கு வேறொரு சுமை ஏறிவிட்டதால், "விலங்கு இயன்மருத்துவம்" என்றே நான் எழுதுகிறேன். மனிதருக்கு அது என்ன செய்கிறதோ அதையே விலங்குக்கும் செய்கிறது: இயங்காத மூட்டை இயக்குதல், மெலிந்த தசையைத் தேற்றுதல், வலியைக் குறைத்தல், நரம்பு பாதிக்கப்பட்ட உடலுக்கு நிற்கவும் நடக்கவும் மீண்டும் பழக்குதல். மனித நோயாளி "இங்கே வலிக்கிறது" என்பான். நாய் காதைப் பின்னால் தள்ளும், உதட்டை நக்கும், அல்லது கடிக்கும். ஆகவே முதலில் விலங்கைப் படிக்கத் தெரிய வேண்டும். அதனாலேயே விலங்கைப் பிடிக்கவும் அமைதிப்படுத்தவும் காயம் பார்க்கவும் ஏற்கெனவே பழகிய கால்நடைத் தொழினுட்பவியலாளர் இத்துறைக்கு மிகப் பொருத்தமானவர் ஆகிறார்.

இதைக் கண்ணால் கண்டதும் உண்டு. தனியார் பிராணிச் சிகிச்சை நிலையமொன்றில் உதவியாளராக வேலை செய்யும் இளம் பெண் ஒருவர், என்னிடம் முன்பு பயிற்சிக்கு வந்தவர், இத்துறையில் இணையவழியாகக் கிடைக்கும் பாடங்களைத் தானாகவே படித்து வருகிறார். சென்ற ஆண்டு இரண்டு வயது நாயொன்று அதே போலத் தொடை முறிந்து கம்பி வைக்கப்பட்டு வந்தது. வைத்தியரின் அனுமதியோடு இரண்டாம் நாளே அவர் தொடங்கினார். முதல் மூன்று நாளும் ஈரத் துவாயில் சுற்றிய ஐஸ் பொதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தார். பிறகு நாயைப் பக்கவாட்டில் கிடத்தி, ஒரு கையால் முறிந்த இடத்துக்கு மேலே தாங்கி, மறு கையால் முழங்காலை வலி தொடங்கும் எல்லைவரை மட்டும் மடக்கி நீட்டினார். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, நாளுக்கு மூன்று தடவை. நாய் தலையைத் திருப்பி அவர் கையைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தினார். அந்தப் பார்வைதான் எல்லை என்றார்.

அவரது மேசையில் இருந்த கருவிகளைக் கண்டு முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தையற்காரரின் அளவு நாடா ஒன்று, பாடசாலைப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற கோணமானி ஒன்று, ஒரு கொப்பி. அளவு நாடாவால் இரு தொடைகளின் சுற்றளவையும் ஒரே இடத்தில் வாரத்துக்கொருமுறை அளந்தார்: நல்ல காலில் 30 சென்ரிமீற்றர், அடிபட்ட காலில் 25. கோணமானியால் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று பார்த்தார். "சேர், நாய் தேறியிருக்கிற மாதிரி இருக்கு எண்டு டொக்டரிட்ட சொல்லேலாது, இலக்கம் குடுக்கணும்" என்றார். முப்பது ஆண்டு சேவையில் நான் ஒருமுறையும் மாட்டின் தொடையை அளந்து பார்த்ததில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இரண்டாம் வாரத்திலிருந்து வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்துத் தாங்கியபடி நடத்தினார். மிக மெதுவாக நடத்தினார். காரணம் கேட்டபோது சொன்னார்: நாய் வேகமாகப் போனால் வலிக்கும் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும், மெதுவாகப் போனால்தான் நான்காவது காலையும் ஊன்றியாக வேண்டும். ஓடி விளையாடினால் கால் பலப்படும் என்று எண்ணி வீட்டுக்காரர் நாயை முற்றத்தில் அவிழ்த்து விடுவதில் உள்ள தவறு இதுதான். பின்னர் இருந்து எழும் பயிற்சி. அதன்பின் விளக்குமாற்றுத் தடிகளைச் செங்கற்களின் மேல் வரிசையாக வைத்து, காலைத் தூக்கித் தூக்கிக் கடக்கப் பழக்கினார். வெளிநாட்டில் இதற்கென்று விற்கும் தடைக் கம்பிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பத்தாம் வாரத்தில் தொடைச் சுற்றளவு 28 சென்ரிமீற்றர். நாய் நான்கு காலிலும் படியேறியது.

நீர்ச் சிகிச்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்: வாவி இருக்கிறதே, நாயை இறக்கி நீந்த விட்டால் போதாதா? தண்ணீரின் பயன் அதன் மிதப்பு. நாய் நிற்கும் தண்ணீர் குதிமூட்டளவு இருந்தால் கால்கள் உடல் எடையில் ஏறக்குறைய 91 வீதத்தைத் தாங்குகின்றன. முழங்காலளவில் அது 85 வீதமாகிறது. இடுப்பளவுக்கு உயர்ந்தால் 38 வீதமாகக் குறைகிறது. ஆகவே நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் காலுக்கு எவ்வளவு சுமை கொடுப்பதென்று தீர்மானிக்கலாம். கண்ணாடித் தொட்டிக்குள் ட்ரெட்மில் பொருத்தி நாயை நடத்துவது இதற்காகத்தான். வாவியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. தையல் ஆறாத காயத்தோடு தேங்கிய நீரில் இறக்கினால் கிருமி தொற்றலாம், எலிக்காய்ச்சலும் வரலாம். போதாக்குறைக்கு முதலையும் உண்டு. தொட்டியும் ட்ரெட்மில்லும் இல்லாத இடத்தில், தையல் வெட்டிக் காயம் ஆறிய பின், சுத்தமான நீர் நிரப்பிய சீமெந்துத் தொட்டியொன்றில் ஒருவர் கூட இறங்கித் தாங்கிக்கொண்டு நடத்தினால் பெரும்பயன் கிடைக்கும்.

நாய்க்கெல்லாம் இவ்வளவு பாடா என்று கேட்போர் இருப்பர். அவர்களுக்காகவே மாட்டைப் பற்றியும் எழுதுகிறேன். எருமைத் தயிருக்குப் பெயர்போன மாவட்டம் இது. பட்டியில் ஒரு கறவை விழுந்தால் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் விழுகிறது. வெல்லாவெளிப் பக்கத்தில் மாரி காலத்தில் ஜேர்சிக் கலப்புப் பசு ஒன்று, நான்காம் ஈற்று, கன்று போட்ட மறுநாள் படுத்துவிட்டது. இரத்தத்தில் கல்சியம் குறைந்த பால் காய்ச்சல். வைத்தியர் வந்து நாளத்தில் கல்சியம் ஏற்றியதும் கழுத்தை நிமிர்த்தியது, சாணம் போட்டது, ஆனால் எழவில்லை. கிடந்த நேரத்தில் அதன் 300 கிலோ எடையும் ஒரு பக்கத் தொடையின் மேல் அழுந்தி, தசைக்கும் நரம்புக்கும் இரத்தம் போகாமல் செய்துவிட்டிருந்தது. இதற்குச் சில மணி நேரமே போதும். முதலில் வந்த நோய் தீர்ந்த பிறகும் மாடு எழாமல் கிடந்து சாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆனால் நாங்கள் "மருந்து பிடிக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு இறைச்சிக்காரருக்கு ஆளனுப்புவோம்.

அந்தப் பசுவுக்கு மணலைக் கொட்டி அதன்மேல் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பினோம். நான்கு மணித்தியாலத்துக்கொருமுறை, இரவிலும், பக்கம் மாற்றிப் புரட்டினோம். பின்கால்கள் இரண்டையும் விரிந்து போகாதபடி ஒரு முழ இடைவெளியில் மெத்தென்ற துணியால் பிணைத்தோம். கன்று பெரிதாயிருந்ததால் இடுப்புக்குள் உள்ள நரம்பு நசுங்கியிருக்கலாம், அப்படியானால் கால்கள் சறுக்கி விரிந்து தொடைத் தசை கிழியும் என்று வைத்தியர் தொலைபேசியில் சொன்னார். வீட்டுக்கார அம்மா வேளைக்கு வேளை தொடையை உருவி விட்டார். நெல் மூட்டைச் சாக்குகளைத் தைத்து வயிற்றுக்குக் கீழே கொடுத்து, நாலு பேர் நாளுக்கு இருமுறை தூக்கி நிறுத்தினார்கள். கால் ஊன்றாவிட்டால் உடனே இறக்கினோம், தொங்கவிட்டு வைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் நான் போனபோது அது தானாக எழுந்து நின்று, என்னைப் பொருட்படுத்தாமல் தவிட்டுத் தொட்டியைத் தேடிக்கொண்டிருந்தது.

இந்தப் பணியை ஒரு தொழிலாகக் கொண்டு முன்னேறும் பாதை பிற நாடுகளில் எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கேள்வி கேட்ட மாணவிக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பும் தேசியப் பரீட்சையும் முடித்தவரே கால்நடைத் தொழினுட்பவியலாளராகப் பதிவு பெறுகிறார். அதன்மேல் டென்னசி பல்கலைக்கழகத்தின் வழியே உருவான நாய்களுக்கான இயன்மருத்துவச் சான்றிதழ் போன்றவை உள்ளன. இணையவழிப் பாடம், நேரடிச் செயன்முறை, நோயாளி அறிக்கைகள், பரீட்சை என்று அது செல்கிறது. கால்நடை வைத்தியரும் மனித இயன்மருத்துவரும் தொழினுட்பவியலாளரும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். இன்னும் மேலே போக விரும்பும் தொழினுட்பவியலாளருக்குப் பல ஆண்டு அனுபவத்தையும் விரிவான நோயாளிப் பதிவேட்டையும் வேண்டி நிற்கும் விசேட தகைமை ஒன்றும் உண்டு. கால்நடை வைத்தியர்களுக்கான விசேட கல்லூரி அங்கு அங்கீகாரம் பெற்றது 2010 இல்தான். பிரித்தானியாவிலோ மனித இயன்மருத்துவர்களே பெரும்பாலும் முதலில் விலங்குகளிடம் வந்தார்கள். அவர்களது சங்கம் 1985 இலிருந்து இயங்குகிறது. 2015 ஆம் ஆண்டின் கட்டளையொன்றின்படி, கால்நடை வைத்தியர் விலங்கைப் பரிசோதித்துப் பணித்த பின்னரே வேறொருவர் இயன்மருத்துவம் செய்யலாம். எங்கள் நாட்டுக்கு மிகவும் உகந்தது அந்தக் கடைசி விதி என்று நினைக்கிறேன்.

இலங்கையில் படிகளே இல்லையென்று சொல்ல முடியாது. இடையில் சில படிகள் உடைந்திருக்கின்றன. குண்டசாலையில் கால்நடை வளர்ப்புக் கல்லூரியின் இரண்டாண்டு டிப்ளோமா இருக்கிறது; வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானத் துறை இருக்கிறது; நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில் இருக்கின்றன. தேசிய தொழிற்றகைமைச் சட்டகமும் ஏழு மட்டங்களோடு இருக்கிறது. ஆனால் குண்டசாலை டிப்ளோமாவோடு வெளியே வருபவர் அபிவிருத்தி உத்தியோகத்தராகிப் பட்டிப் பதிவுக்குள் போய்விடுகிறார். தனியார் சிகிச்சை நிலையத்தில் சேரும் பிள்ளைக்கோ "உதவியாள்" என்பதைத் தவிர வேறு பெயரில்லை. பத்து ஆண்டு வேலை செய்தாலும் உதவியாள்தான். நான் சொன்ன இளம் பெண் தன் தொழிலுக்குரிய தகைமை பற்றி ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, படிவத்தில் அப்படியொரு தொழில் இல்லையென்று கூறி "ஏனையவை" என்ற கட்டத்தில் புள்ளடி இட்டுக் கொடுத்தார்களாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கால்நடை வைத்தியம் செய்ய உரிமையுள்ளவர் யார் என்பதை 1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் வரையறுக்கிறது. இயன்மருத்துவம் பழகிய தொழினுட்பவியலாளர் நோயை நிர்ணயிக்கவோ மருந்து எழுதவோ கூடாது. நொண்டும் நாய்க்கு முழங்கால் நாண் அறுந்திருக்கலாம், எலும்பில் புற்று இருக்கலாம், முள்ளும் குத்தியிருக்கலாம். புற்றுள்ள எலும்பைத் தடவி உருவினால் அது முறியவும் கூடும். எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர் செய்யும் முறிவு நெரிவு வைத்தியத்தில் எனக்கு மரியாதை உண்டு, என் கையும் ஒருமுறை அவர்களால் பொருந்தியதுதான். ஆனால் நொண்டும் மாட்டின் மூட்டில் சூடு போடும் பழக்கத்தை நான் எங்கு கண்டாலும் தடுத்திருக்கிறேன், இனியும் தடுப்பேன். பயிற்சி பெற்றவருக்கு முறையான இடம் இல்லாதபோது, அந்த இடத்தைப் பயிற்சியில்லாதவர் பிடித்துக்கொள்வார். இப்போதே கைபேசியில் காணொளி பார்த்துவிட்டு நாயின் முள்ளந்தண்டை "நெட்டி முறிக்க" முயன்ற ஒருவரை நான் அறிவேன். அந்த நாய் அவர் விரலைக் கடித்ததில் எனக்கு வருத்தமில்லை.

அம்பாறைப் பக்கத்து வாசகர்களுக்கு யானையின் கால் காயங்களைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணிவெடியில் முன்காலின் அடிப்பகுதியை இழந்து பின்னவலை யானைகள் சரணாலயத்துக்குக் கொண்டுவரப்பட்ட சாமா என்ற யானையைப் பலர் பார்த்திருப்பார்கள். ஒரு கால் போனால் மற்ற மூன்று கால்களும் முள்ளந்தண்டும் வாழ்நாள் முழுவதும் அந்தச் சுமையைக் கோணலாகத் தாங்குகின்றன. அதைக் குறைப்பதும் இயன்மருத்துவத்தின் வேலைதான். வடக்கு கிழக்கில் கண்ணிவெடி தேடும் பணியில் மோப்ப நாய்களும் உழைத்தன. கண்டி அஸ்கிரியவைத் தலைமையகமாகக் கொண்ட பொலிஸ் நாய்கள் பிரிவும் இருக்கிறது. வேலை செய்யும் நாய்க்கு இடுப்பும் முழங்காலும் தேய்வது தொழில் நோய். ஆகவே இந்தப் படிப்பை முடித்தவர் பணக்கார வீட்டுச் செல்லப் பிராணிகளை மட்டும் நம்பியிருக்க வேண்டும் என்பது சரியன்று.

மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திடம் நான் வேண்டுவது பெரிய கட்டடமோ வெளிநாட்டு இயந்திரமோ அல்ல. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தலா ஒரு கால்நடை வைத்திய அலுவலகத்தில் வழுக்காத தரை விரிப்பு, மாட்டைத் தூக்கும் வார்ப்பட்டியும் கப்பியும் கொண்ட ஒரு சட்டகம், ஒரு சீமெந்துத் தொட்டி, வாரத்தில் இரண்டு நாள் அதற்கென ஒதுக்கப்பட்ட ஒரு உத்தியோகத்தர். இவ்வளவே. கிழக்குப் பல்கலைக்கழகமும் பேராதனைப் பீடமும் இணைந்து ஆறு மாதச் சான்றிதழ் பாடநெறியொன்றைத் தமிழில் நடத்தினால், அதைத் தொழிற்றகைமைச் சட்டகத்தின் ஒரு மட்டத்தில் சேர்ப்பது கடினமான காரியம் அல்ல. மனித வைத்தியசாலைகளில் பணிபுரியும் இயன்மருத்துவர்கள் சிலர் மாதமொருமுறை வந்து கற்பிக்க ஆயத்தமாக இருப்பதாக என்னிடம் கூறியிருக்கிறார்கள். மூட்டும் தசையும் அவர்களுக்குத் தெரியும், கடிக்கும் வாயைச் சமாளிப்பது எங்களுக்குத் தெரியும்.

இனி அந்த மாணவிக்கு. இது வெள்ளை மேலங்கி அணிந்து நிற்கும் வேலையல்ல. பகலில் பாதி நேரம் தரையில் மண்டியிட்டே இருப்பீர்கள். முள்ளந்தண்டு அடிபட்ட நாய்க்குச் சிறுநீர் பலவேளை தானாகப் போகாது; நாளுக்கு மூன்று நான்கு முறை வயிற்றை அழுத்தி நீங்களே வெளியேற்ற வேண்டும், அதைச் செய்யும் விதத்தைச் சொந்தக்காரருக்கும் அருவருப்பில்லாமல் கற்பிக்க வேண்டும். முதுகு வலிக்கும், கடி விழும், விசர்நாய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். வருமானம் இப்போதைக்குக் குறைவு. சில நாய்கள் நடக்கவே மாட்டா, அதை வீட்டுக்காரரிடம் சொல்லும் வேளையில் வைத்தியரின் பக்கத்தில் நீங்களும் நிற்க வேண்டியிருக்கும். உடற்கூற்றியலை இப்போதே படிக்கத் தொடங்குங்கள். தெருவில் போகும் எந்த நாயையும் அதன் நடையைப் பார்த்து, எந்தக் காலில் எடை குறைவாக விழுகிறது, எந்த நகத்தின் மேற்பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். நகம் மேற்பக்கம் தேய்ந்திருந்தால் அந்தக் காலை அது இழுக்கிறது என்று பொருள். இதற்குக் கட்டணமும் இல்லை, இசட் புள்ளியும் வேண்டாம்.

அடுத்து எங்கே போவது என்று கேட்டால், குண்டசாலை டிப்ளோமாவுக்கு விண்ணப்பியுங்கள், விடுமுறையில் ஏதாவதொரு சிகிச்சை நிலையத்தில் கூட நில்லுங்கள் என்பதே இன்று என்னால் தரக்கூடிய நேரான பதில். அதற்கு மேல் உள்ள படியை அமைத்துத் தர வேண்டியவர்கள் இக்கடிதத்தை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். விழுந்த மாடுகளைப் பற்றி நான் எழுதி வைத்த பதினொரு கொப்பிகள் இருக்கின்றன. எழுந்தவை, எழாதவை, எத்தனையாம் நாள், எந்தப் பக்கம் கிடந்தது என்ற விவரங்களோடு. பாடநெறி ஒன்று தொடங்குமானால் அவற்றை ஒப்படைக்க ஆயத்தமாக உள்ளேன். கறையான் அரித்த இரண்டைத் தவிர மற்றவை வாசிக்கக்கூடிய நிலையிலேயே உள்ளன.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.